உதட்டுரேகை சாட்சி சொல்லுமா?

(குலசேகரன்பட்டினத்தில் பொதுமக்கள், மாணவர்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உதட்டில் இருக்கும் வரிகளை வைத்து ஆளை அடையாளம் காண முடியுமா என்பதுதான் இன்றைய பேச்சு. இதைப் பட்டணத்துக் கல்லூரி அரங்கில் பேசுவதைவிட இந்த ஊரில் பேசுவது பொருத்தம் என்று எனக்குப் படுகிறது. காரணம் இருக்கிறது. 1942 செப்டம்பரில், ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த நாட்களில், இந்த ஊர் உப்பளத்தில் லோன் என்ற ஆங்கிலேய அதிகாரி கொல்லப்பட்டார். குலசேகரன்பட்டினம் சதி வழக்கு என்று நாடே பேசிய அந்த வழக்கில் காசிராஜன், ராஜகோபாலன் என்ற இரண்டு இளைஞர்களுக்குத் தூக்குத் தண்டனை விதித்தார்கள். பிறகு தண்டனை குறைக்கப்பட்டு இருவரும் உயிரோடு வெளியே வந்தார்கள். ‘தூக்குமேடை’ என்பது ராஜகோபாலுக்கு அடைமொழியாகவே நிலைத்துவிட்டது. உங்களில் பலர் வீட்டில் தாத்தாமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

அந்த வழக்கின் நியாய அநியாயத்தை நான் இங்கே அலசப்போவதில்லை. ஒன்றை மட்டும் நினைத்துப் பாருங்கள். கூட்டமாகப் போன இடத்தில் ஒரு உயிர் போகிறது. அங்கே நின்றது யார், எந்தக் கை எதைச் செய்தது என்று நீதிமன்றம் தீர்மானித்தாக வேண்டும். தீர்மானம் பிசகினால் இன்னொரு உயிர் போகும். ‘இந்த ஆள்தான்’ என்ற இரண்டு சொல்லுக்கு அவ்வளவு எடை. தடய அறிவியல் என்று நாங்கள் நடத்துகிற அத்தனை பாடமும் அந்த இரண்டு சொல்லைச் சொல்லலாமா, வேண்டாமா என்பதற்காகத்தான்.

இப்போது உதட்டுக்கு வருவோம். மேலுதட்டிலும் கீழுதட்டிலும் சிவந்து தெரிகிற பகுதியை ஒரு கண்ணாடியில் உற்றுப் பாருங்கள். சிறு சிறு பள்ளங்களும் மேடுகளுமாக வரிகள் ஓடும். 1902-இல் ஃபிஷர் என்ற மானுடவியலாளர் இவற்றை முதலில் விவரித்தார். அடையாளம் காண இதைப் பயன்படுத்தலாம் என்று 1932-இல் சொன்னவர் பிரான்ஸின் எட்மண்ட் லோகார்ட். ஒரு பொருளோடு இன்னொரு பொருள் உரசினால் ஏதாவது ஒரு தடயம் இடம் மாறும் என்ற அடிப்படையை நமக்குத் தந்தவரும் அவர்தான். ஆனால் உட்கார்ந்து, ஆயிரக்கணக்கில் உதட்டுப் பதிவுகளைச் சேகரித்துப் பார்த்தவர்கள் ஜப்பானியர்கள். கசுவோ சுசுகி, யசுவோ சுச்சிஹாஷி என்ற இருவர். சுச்சிஹாஷி 1974-இல் வெளியிட்ட ஆய்வில் 1,364 பேரின் உதடுகளைப் பார்த்திருந்தார். எந்த இரண்டும் ஒன்றாக இல்லை. ஒருகரு இரட்டையரின் உதடுகள் ஒன்றுக்கொன்று சாயல் கொண்டிருந்தன, ஆனாலும் வேறாகவே இருந்தன.

அவர்கள் செய்த வகைப்பாட்டைத்தான் இன்றும் எல்லாரும் பின்பற்றுகிறோம். உதட்டின் குறுக்கே மேலிருந்து கீழ்வரை முழுதாக நேராக ஓடும் வரி முதல் வகை. பாதியிலேயே நின்றுவிடும் நேர்வரி அதன் கிளை. நடுவில் கிளைவிட்டுப் பிரிவது இரண்டாம் வகை, ஒன்றையொன்று குறுக்கே வெட்டுவது மூன்றாம் வகை, வலைப்பின்னல் போலிருப்பது நான்காம் வகை. இவை எதிலும் அடங்காதவை ஐந்தாம் வகை. சென்னையில் சிவபாதசுந்தரமும் அவரது குழுவினரும் 2001-இல் இந்தோ-திராவிட மக்களிடையே செய்த ஆய்வில் குறுக்கே வெட்டும் மூன்றாம் வகையே மிகுதி என்று கண்டார்கள். அதற்குப் பிறகு இந்தியாவின் பல் மருத்துவக் கல்லூரிகளிலிருந்து இதே பொருளில் கட்டுரைகள் வந்துகொண்டே இருக்கின்றன. கைரேகைக்குக் காவல்துறை, எலும்புக்குத் தடய மருத்துவர் என்பதுபோல நம் நாட்டில் உதட்டுக்குப் பல் மருத்துவர் என்றாகிவிட்டது.

எனக்கு இந்தக் கட்டுரைகளில் ஒரு மனக்குறை உண்டு. பெரும்பாலானவை வகைகளை எண்ணுவதோடு நின்றுவிடுகின்றன. நூறு மாணவர்களை நிற்கவைத்து, உதட்டுச்சாயம் பூசி, செலோடேப்பை ஒட்டி எடுத்து, வெள்ளைத்தாளில் பதித்து, இத்தனை பேருக்கு முதல் வகை, இத்தனை பேருக்கு மூன்றாம் வகை என்று அட்டவணை போடுகிறார்கள். பெண்களுக்கு இந்த வகை அதிகம் என்று ஒரு ஊரில் சொன்னால், அடுத்த ஊரில் அது மாறிவிடுகிறது. சரி, மாறட்டும். ஆனால் வழக்குமன்றத்தில் யாரும் ‘இது எந்த வகை’ என்று கேட்பதில்லை. ‘இது யாருடையது’ என்றுதான் கேட்கிறார்கள். முதல் கேள்விக்கு விடை தெரிந்தால் இரண்டாவதற்கும் தெரிந்துவிட்டது என்று எண்ணுகிறோமே, அங்கேதான் ஆபத்து இருக்கிறது.

என் நிலையை இப்போதே சொல்லிவிடுகிறேன். உதட்டு வரிகள் ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதை நான் நம்புகிறேன். ஆனால் ஓரிடத்தில் கிடைத்த மங்கலான உதட்டுப் பதிவைக் காட்டி, ‘இது இன்னாருடையதுதான், வேறு ஒருவருடையதும் ஆகாது’ என்று கூண்டில் ஏறிச் சொல்வதற்கு இன்று நம்மிடம் போதிய ஆதாரம் இல்லை. இவை இரண்டும் தனித்தனிச் செய்திகள்.

ஏன் என்று பார்ப்போம். உதடு மென்மையான தசை. ரப்பர் முத்திரை போல ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி விழாது. லேசாகத் தொட்டால் நான்கு வரி தெரியும், அழுத்தினால் வரிகள் நசுங்கிக் கலந்துவிடும். பேசும்போது பட்டதா, சிரிக்கும்போதா, வாயைக் குவித்தபோதா என்பதைப் பொறுத்துப் படம் மாறும். விரலில் வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன, அதனால் தொட்ட இடத்தில் எல்லாம் அது தானாகவே மை பூசிக்கொண்டு பதிகிறது. உதட்டின் சிவந்த பகுதியில் வியர்வைச் சுரப்பி கிடையாது. எச்சில் ஈரம், ஓரங்களில் கசியும் எண்ணெய்ப்பசை, அல்லது மேலே பூசிய ஏதோ ஒன்று, இவைதான் பதிவை உண்டாக்குகின்றன.

பதியும் இடமும் ஊருக்கு ஊர் மாறும். மேல்நாட்டுப் புத்தகங்களில் உதட்டுரேகைக்கு முதல் உதாரணம் மதுக்கோப்பை. நம் வீடுகளில் செம்பையும் டம்ளரையும் தூக்கி அண்ணாந்து குடிப்பவர்கள் எத்தனை பேர்! உதடு பாத்திரத்தில் படவே படாது. டீக்கடைக் கண்ணாடி கிளாஸில் படும். உடன்குடிப் பக்கம் பனையோலைப் பட்டையில் பதநீர் குடித்தால் படும், ஆனால் ஓலையின் நரம்புகளுக்கு இடையே உதட்டு வரியைப் பிரித்தெடுக்க எந்த நிபுணரால் முடியும்? நம் மாவட்டங்களில் லட்சக்கணக்கான பெண்களின் கைகள் சுற்றுகிற பீடியும் அப்படித்தான். பீடித்துண்டில் எச்சில் கிடைக்கும், வரி கிடைக்காது. சிகரெட், கடித உறையின் ஒட்டுவாய், பிளாஸ்டிக் தம்ளர், பாட்டில் கழுத்து, ஜன்னல் கண்ணாடி, வாயை அடைக்க ஒட்டிய டேப், இவைதான் நடைமுறையில் வாய்ப்புள்ள இடங்கள்.

முத்தாரம்மன் கோயில் தசராவை எடுத்துக்கொள்ளுங்கள். காளியாகவும் குறத்தியாகவும் ராஜாவாகவும் வேடம் கட்டி லட்சக்கணக்கானோர் வருகிறார்கள். உதட்டில் அழுத்தமான சிவப்பு. அந்த வேடத்தோடு ஒருவர் கண்ணாடி கிளாஸில் டீ குடித்து வைத்தால், கண்ணுக்கே தெரிகிற பதிவு கிடைக்கும். ஆனால் அது உதட்டின் வரியா, காய்ந்து வெடித்த சாயத்தின் வரியா? வேடம் பூசி ஐந்தாறு மணி நேரம் வெயிலில் நடந்த ஒரு முகத்தில் சாயம் தனக்கென்று ஒரு வெடிப்பை உண்டாக்கிக்கொள்ளும். ஆய்வகத்தில் புதிதாகப் பூசி எடுக்கும் பதிவில் இது இருக்காது. இப்படிப்பட்ட கேள்விகளை நம் ஊரில் இருந்துகொண்டு நாம்தான் கேட்க முடியும்.

உதடே மாறுவதும் உண்டு. உப்பளத்தில் வேலை பார்க்கிறவர்களின் உதட்டைப் பாருங்கள். கோடையில், உப்புக்காற்றும் எதிரொளிக்கும் வெயிலும் சேர்ந்து உதடு தடித்து வெடித்திருக்கும். கடலுக்குப் போகிறவர்களுக்கும் அப்படியே. தொடர்ந்து வெயில் படுகிற கீழுதட்டில் நிரந்தர மாற்றங்களே வரலாம், சிலருக்கு அது புற்றுநோயின் முன்னோட்டமாகவும் ஆகும். பக்கத்து ஆத்தூர் வெற்றிலைக்குப் பெயர் பெற்றது. வெற்றிலையோடு பாக்கும் புகையிலையும் சேர்த்துப் பல வருடம் மென்றவர்களில் சிலருக்கு வாயைச் சுற்றிய திசுவே இறுகிப்போகிறது. இந்த உதடுகள் இருபது வயது கல்லூரி மாணவர்களின் உதடுகள் அல்ல. நம் கட்டுரைகளில் இருப்பவையோ பெரும்பாலும் அந்த மாணவர்களின் உதடுகளே. நாளைக்கு ஒரு வழக்கில் சந்தேகத்துக்கு ஆளாகப்போகிறவர் உப்பளத் தொழிலாளியாக இருந்தால், அவர் விஷயத்தில் நாம் எந்த ஆய்வை வைத்துப் பேசுவோம்?

கண்ணுக்குத் தெரியாத பதிவுகளை வெளிக்கொண்டுவரும் முறைகளில் நல்ல முன்னேற்றம் வந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஒட்டாத உதட்டுச்சாயங்கள் வந்த பிறகு, பதிவு இருந்தும் நிறம் தெரியாத நிலை வந்தது. அலுமினியப் பொடி, காந்தப் பொடி, கொழுப்பில் கரையும் சூடான் வகைச் சாயங்கள் ஆகியவற்றால் அவற்றைத் தெரியவைக்கலாம். ஸ்பெயினின் வலென்சியாவில் ஒரு குழு, ஒளிரும் சாயங்களைக் கொண்டு பலவண்ணப் பரப்பில் இருக்கும் பதிவைக்கூட எடுத்துக்காட்டியிருக்கிறது. இது உண்மையான கைத்திறன். ஆனால் தெளிவாக எடுத்த பதிவும் அந்தப் பரப்பில் விழுந்த அளவுக்குத்தான் பேசும்.

இனி ஒரு வழக்கு. இதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில், எல்ஜின் என்ற நகரத்தில் 1993-இல் ஒரு இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த இடத்துக்கு அருகே ஒட்டும் டேப் உருளை ஒன்று கிடைத்தது. டேப்பின் ஒட்டுப்பக்கத்தில் ஒரு உதட்டுப் பதிவு. சந்தேகப்பட்டவரின் உதட்டுப் பதிவை எடுத்து ஒப்பிட்டார்கள். மாநிலக் காவல்துறையின் கைரேகை நிபுணர் ஒருவரும் ஆவண நிபுணர் ஒருவரும் சாட்சிக் கூண்டில் ஏறி, இரண்டும் ஒன்றே என்றார்கள். இந்த முறையை எஃப்.பி.ஐ.யும் மாநிலக் காவல்துறையும் திட்டவட்டமான அடையாள முறையாக ஏற்றுக்கொண்டிருக்கின்றன என்றும் சொன்னார்கள். எதிர்த்தரப்பு தன் பக்கத்துக்கு ஒரு நிபுணரையும் கொண்டுவரவில்லை. 1997-இல் தண்டனை. 1999-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தீர்ப்பை வாசித்தால் நீதிபதிகளின் நிலை புரிகிறது. அவர்கள் முன்னால் இருந்தது ஒரு பக்கத்துச் சொல் மட்டுமே, மறுத்துப் பேச ஆளில்லை.

பிறகுதான் உண்மை வெளிவரத் தொடங்கியது. அந்த முறைக்கு எஃப்.பி.ஐ. ஒப்புதல் தந்திருக்கவில்லை. உதட்டுரேகையை வைத்து ஆளை உறுதி செய்யும் அளவுக்குச் சோதித்துத் தேறிய ஆராய்ச்சியும் இல்லை என்று தடயச் சட்டம் அறிந்த அறிஞர்கள் எடுத்துச் சொன்னார்கள். 2006-இல் நீதிமன்றம் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. கூண்டில் ஏறிய இருவரும் பொய் சொல்ல வந்தவர்கள் என்று நான் நினைக்கவில்லை. தங்கள் துறையில் கெட்டிக்காரர்களாகத்தான் இருந்திருப்பார்கள். விரலில் தாங்கள் பழகியதை உதட்டுக்கும் கொண்டுபோனார்கள். எனக்கு அச்சம் தருவது அதுதான். நேர்மையான, அனுபவமுள்ள ஒருவர் உறுதியாகச் சொல்லும்போது மறுத்துக் கேட்க எவருக்கும் தோன்றுவதில்லை.

விரல்ரேகையே பிசகியிருக்கிறது என்பதையும் இங்கே நினைவுபடுத்துகிறேன். 2004 மார்ச் 11 அன்று மாட்ரிட் நகர ரயில்களில் குண்டு வெடித்தது. பை ஒன்றில் கிடைத்த ரேகை ஆரிகன் மாநில வழக்கறிஞர் ஒருவருடையது என்று எஃப்.பி.ஐ. நிபுணர்கள் சொல்லி, அவரைக் கைது செய்து காவலில் வைத்தார்கள். அது வேறொருவருடைய ரேகை என்று ஸ்பெயின் காவல்துறை காட்டிய பிறகே அவர் விடுவிக்கப்பட்டார். கல்கத்தாவில் 1897-இல் ரேகைப் பிரிவு தொடங்கி, அசிசுல் ஹக்கும் ஹேம சந்திர போஸும் வகைப்படுத்தும் கணக்கை உருவாக்கிய காலத்திலிருந்து நூறு ஆண்டுக்கு மேல் பழகிய துறை அது. அங்கேயே இப்படி என்றால், உதட்டில் எவ்வளவு கவனம் வேண்டும்!

போலந்து நாட்டில் அனுபவம் கொஞ்சம் வேறு. அங்கே யெர்ஷி கஸ்ப்ஷாக் என்ற ஆய்வாளர் முறையாக உழைத்து, வரிகளின் வகையை மட்டும் பாராமல் ஒவ்வொரு உதட்டிலும் உள்ள தனித்தனி நுண்கூறுகளை ஒப்பிடும் வழியை வகுத்தார். 1985 முதல் 1997 வரை 85 வழக்குகளில் உதட்டுப் பதிவைப் பார்த்திருக்கிறார்கள். அவற்றில் 34-இல் அடையாளம் கண்டதாகச் சொன்னார்கள். மற்ற வழக்குகளில் அடையாளம் கண்டதாகச் சொல்லாமல் விட்டதை நான் பெரிதாக மதிக்கிறேன். சொன்ன 34-இல் எத்தனை சரி என்பதைத் தனியே, விடை தெரிந்த பதிவுகளைக் கொண்டு சோதித்திருக்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

கடற்கரை ஊரில் பேசுகிறேன், ஆகவே கடலில் இறந்தவர்களைப் பற்றியும் பேச வேண்டும். உதட்டுரேகையால் உடல்களை அடையாளம் காணலாம் என்று சில கட்டுரைகள் முடிவில் எழுதிவிடுகின்றன. இங்கே இருக்கிற மீனவ அண்ணாச்சிமாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடலில் கிடந்த உடலில் மீனும் நண்டும் முதலில் தொடுவது உதடு, இமை போன்ற மென்மையான இடங்களைத்தான். தண்ணீரே படாவிட்டாலும் இறந்து ஒரு நாளைக்குள் உதடு வற்றிச் சுருங்கிவிடும். மிஞ்சுவது பல். 2004 சுனாமிக்குப் பிறகு தாய்லாந்தில் வெளிநாட்டுப் பயணிகளின் உடல்களை அடையாளம் கண்டதில் பல் பதிவுகளுக்குப் பெரும்பங்கு உண்டு. நம் நாகப்பட்டினத்தில் எத்தனையோ பேரைப் பெயர் தெரியாமலே ஒரே குழியில் புதைத்தோம். நம்மவர்களுக்குப் பல் பதிவு என்று ஒன்று எங்கே இருந்தது? 2017-இல் ஒக்கி புயலில் போன மீனவர்களின் உடல்கள் கேரளக் கரையில் ஒதுங்கியபோது டி.என்.ஏ. சோதனைதான் குடும்பங்களுக்கு விடை சொன்னது. பேரிடரில் ஆளை உறுதி செய்ய இன்டர்போல் முதன்மையாக ஏற்பவை மூன்று: விரல்ரேகை, பல், டி.என்.ஏ. உதடு அதில் இல்லை.

எந்த அடையாளமும் ஒப்பிட்டுப் பார்க்க முன்பதிவு இருந்தால்தான் பயன்படும். தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் இயக்குநராக இருந்த சந்திரசேகரன், மண்டையோட்டு எலும்புகள் கூடும் இணைப்புக் கோடுகள் ஆளுக்கு ஆள் வேறுபடுவதை வைத்து அடையாளம் காணலாம் என்று 1985-இல் எழுதினார். அழகான சிந்தனை. அதற்கும் இறந்தவர் எப்போதாவது தலையை எக்ஸ்ரே எடுத்திருக்க வேண்டும். உதட்டுக்கு யாரிடம் பதிவு இருக்கிறது? ஆதாரில் விரலும் கண்ணும் உண்டு, உதடு இல்லை. கைபேசியில் நெருக்கமாக எடுத்த படங்களில் உதட்டு வரி தெரிகிற காலம் வந்துவிட்டதால், நாளைக்கு இந்த வழி கொஞ்சம் திறக்கலாம்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1920-ஆம் ஆண்டுக் கைதிகள் அடையாளச் சட்டத்துக்குப் பதிலாக 2022-இல் வந்த குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம் விரல், உள்ளங்கை, பாதப் பதிவுகள், கருவிழி, விழித்திரை, உடல் மாதிரிகள், கையெழுத்து என்று ஒரு பட்டியல் தருகிறது. உதட்டைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. நிபுணர் கருத்தை நீதிமன்றம் கேட்கலாம் என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 39-ஆம் பிரிவு. ஆகவே கதவு மூடியிருக்கவில்லை. யாராவது ஒருவர் நாளைக்கே உதட்டுரேகையோடு கூண்டில் ஏறலாம். அப்போது குறுக்கு விசாரணை செய்யப்போகும் வழக்கறிஞருக்கும், தீர்ப்பு எழுதப்போகும் நீதிபதிக்கும் நான் இங்கே சொன்னதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். அமர்ந்திருக்கும் சட்ட மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘எத்தனை முறை சோதித்தீர்கள், எத்தனை முறை தவறினீர்கள்?’ என்று கேளுங்கள். எண் சொல்ல முடியாத நிபுணரின் உறுதியை ஏற்காதீர்கள்.

அப்படியானால் உதட்டுப் பதிவைத் தூக்கி எறிந்துவிடலாமா? கூடாது. முதலாவதாக, அது ஆளை விலக்கப் பயன்படும். கண்ணாடியில் தெளிவாக நேர்வரிகள் விழுந்திருக்க, சந்தேகப்பட்டவரின் அதே பகுதியில் அடர்ந்த வலைப்பின்னல் இருந்தால், வேறொரு ஆளையும் தேட வேண்டும் என்று விசாரணைக்குச் சொல்லிவிடலாம். ஒரு நிரபராதியைச் சிறையிலிருந்து காப்பாற்ற அது போதும். இரண்டாவது, எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது: உதடு பட்ட இடத்தில் எச்சில் இருக்கும், எச்சிலில் செல்கள் இருக்கும். வரி சொல்ல முடியாததை டி.என்.ஏ. சொல்லும். பல்தடத்தையே பாருங்கள்: 2012 தில்லிப் பாலியல் வன்கொலை வழக்கில் கர்நாடகத்தின் தார்வாடிலிருந்து வந்த பல் தடயக் கருத்தை 2017-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. அங்கே டி.என்.ஏ. உள்ளிட்ட மற்ற சான்றுகளும் சேர்ந்து நின்றன. தனியாக ஒரு பல்தடமோ உதட்டுரேகையோ ஒரு உயிரைத் தாங்கக்கூடாது.

அதனால் சம்பவ இடத்துக்கு முதலில் போகிற காவலருக்கும், வீட்டுக்காரருக்கும்கூட, ஒரு வேண்டுகோள். உதட்டுக் கறை தெரிகிற டம்ளரையோ பாட்டிலையோ வாய்ப்பக்கம் பிடித்துத் தூக்காதீர்கள். கழுவிவிடாதீர்கள். எதையும் தொடும் முன் காவலர் அளவுகோல் வைத்துப் படம் எடுக்கட்டும். அடுத்து ஈரப்பஞ்சால் எச்சில் மாதிரி. கறை காய்ந்த பிறகு காகித உறையில் போடட்டும், பிளாஸ்டிக் பையில் ஈரத்தோடு போட்டால் பூஞ்சை பிடித்து டி.என்.ஏ. கெட்டுப்போகும். திருநெல்வேலியில் வட்டாரத் தடய அறிவியல் ஆய்வகம் இருக்கிறது, சென்னை வரை ஓட வேண்டியதில்லை. 1849-இல் சென்னை மாகாணத்தில் தொடங்கிய வேதியியல் ஆய்வகமே இந்தியாவில் இத்துறைக்கு முதல் வீடு. நஞ்சைக் கண்டுபிடிப்பதில் இந்த மாநிலம் நாட்டுக்கு வழிகாட்டியது. உதட்டுக்கும் நாமே முறையான சோதனை ஒன்றைச் செய்துகாட்டலாம் என்று நினைக்கிறேன்.

அந்தச் சோதனை எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லி முடிக்கிறேன். கல்லூரி மாணவர்களை மட்டும் எடுக்காமல் உப்பளத்திலிருந்தும், படகுகளிலிருந்தும், பீடி சுற்றும் வீடுகளிலிருந்தும், வெற்றிலை போடும் பெரியவர்களிடமிருந்தும் விரும்பி வருபவர்களைச் சேர்க்க வேண்டும். ஒவ்வொருவரிடமும் கோடையில் ஒரு பதிவு, மழைக்காலத்தில் ஒரு பதிவு. அவர்கள் இயல்பாக டீ குடித்த கிளாஸையும் எடுத்து வைக்க வேண்டும். பிறகு எது யாருடையது என்று தெரியாத நிபுணர்கள் சிலரிடம் அந்தக் கிளாஸ்களைக் கொடுக்க வேண்டும். பதிவு தராத ஒருவருடைய கிளாஸும் நடுவே இருக்க வேண்டும். அவர்கள் எத்தனை முறை சரியாகச் சொன்னார்கள், எத்தனை முறை சம்பந்தமில்லாதவரைக் காட்டினார்கள் என்று எண்ண வேண்டும். இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு பல் மருத்துவக் கல்லூரியும், ஒரு தடய ஆய்வகமும், இசைந்து வருகிற ஒரு ஊரும் போதும். ஊர் இங்கே இருக்கிறது. உங்களில் எத்தனை பேர் வருவீர்கள் என்று கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள்.